நூற்றெட்டோடு நிற்காத சத்தம்

மந்திரம் சொன்னால் மனசு அடங்கும் என்பார்கள். எனக்கு மூச்சு சீரானது, கை நடுக்கம் நின்றது, படுத்தால் தூக்கம் வந்தது. மனசு மட்டும் அடங்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது.

இப்போது ஓம் சொல்வதன் பலன்களை யார் யாரோ வரிசையாக அடுக்குகிறார்கள். ரத்த அழுத்தம் குறையும், நரம்பு தளரும், கோபம் போகும். கேட்டுக்கொள்வேன். முதல் இரண்டையும் என் உடம்பே சாட்சி சொல்லும், மறுக்க மாட்டேன். கோபம் போகும் என்று சொல்லும்போதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறும். போகக்கூடாத கோபமும் உண்டு. அதை வைத்துக்கொண்டே நிம்மதியாகத் தூங்க முடியும் என்பதற்கு நான் இருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். டியூப்லைட்டுக்கு மாட்டுகிற சோக் செய்யும் கம்பெனி. வீடு மண்ணூர்பேட்டையில். நடந்தே போய்விடலாம். ஒரே ஷெட்டு. ஒரு மூலையில் பவர் பிரஸ், இரும்புத் தகட்டைச் சீப்பு மாதிரித் துண்டு துண்டாக வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். எதிர்ப் பக்கம் நாங்கள் ஒன்பது பெண்கள் செம்புக் கம்பியைப் பாபினில் சுற்றுவோம். கையால் சுற்றுகிற மெஷின்தான். ஒரு காயிலுக்குக் கைப்பிடியை முன்னூறு சுற்று சுற்ற வேண்டும். எண்ணிக்கை காட்டும் மீட்டர் ஒன்று மெஷினில் இருந்தது. அதன் பல் தேய்ந்து எந்தக் காலத்திலோ நின்றுபோயிருந்தது. அதனால் வாயால்தான் எண்ணுவோம்.

வெறும் வாயால் எண்ணிப் பாருங்கள், அறுபதைத் தாண்டுவதற்குள் தப்பும். அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு மெட்டு உண்டு. ஒருத்தி தாலாட்டு மெட்டில் எண்ணுவாள், ஒருத்தி ஆடி மாதத்து அம்மன் பாட்டு மெட்டில். என் மெட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நூறு முடிந்தால் பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் கம்பியை வெட்டலாம். புதிதாக உள்ளே நுழைகிறவர்கள் ஏதோ பஜனை நடக்கிறது என்று செருப்பைக் கழற்றப் பார்ப்பார்கள்.

பிரஸ் ஓட்டியவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவள். என்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவள்தான். ஆள் வராத ஒரு நாளில் பிரஸ்ஸில் உட்கார்ந்தவள், வேலை சுத்தமாக இருக்கவே அங்கேயே நிலைத்துவிட்டாள். பிரஸ்ஸுக்கு முன்னால் கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு கம்பி வலை உண்டு. கார்டு என்போம். அது இருந்தால் தகட்டை நுழைக்கக் கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும். ஒரு அவசர ஆர்டருக்காக முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். ஆர்டர் போய்ச் சேர்ந்தது. கார்டு மட்டும் திரும்ப ஏறவில்லை, ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. மாட்டுவதற்கு நாலு போல்ட் முடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நான் இருநூற்றுப் பதினேழில் இருந்தேன். பிரஸ் எப்போதும் டங் என்று விழும். அந்த ஒரு தடவை சத்தம் அமுங்கி விழுந்தது. நிமிர்ந்தேன். அக்கா கத்தவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு எண்ணிக்கை மனசில் நிற்கவில்லை. மறுநாளே பிரஸ்ஸில் வேறு ஆளைப் போட்டு ஓட்டினார்கள். ஒவ்வொரு டங்குக்கும் என் மூச்சு தொண்டையில் வந்து மாட்டிக்கொள்ளும். நாற்பத்தி மூன்று, டங், அடுத்து என்ன? கை வியர்த்துக் கம்பி வழுக்கும். கோடு போட்டேனா இல்லையா என்று பலகையைப் பார்ப்பேன், பலகை முழுவதும் கோடாகத் தெரியும். என் காயில்கள் டெஸ்டிங்கில் சூடேறித் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. மூன்று வாரம் பொறுத்தார். பிறகு கூப்பிட்டு, "இந்த மாசம் முழுக்கப் பாக்கறேம்மா. அப்புறம் என் கையில இல்ல" என்றார். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை. வீட்டுக்காரர் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார், வெறுங்கையோடு வரும் நாட்களும் உண்டு. இரண்டு பிள்ளைகள் வாயைத் திறந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, வேலை நேரத்திலும் வந்தது. அக்காவைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"இன்னாமே இப்டி நடுங்கிகினு கீற? வெரலு போனது எனக்கா உனக்கா?"

சிரிக்க முடியாமல் சிரித்துவிட்டு வந்தேன்.

தாலாட்டு மெட்டுக்காரிதான் நாத தியான வகுப்பைப் பற்றிச் சொன்னாள். அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறு காலை நடக்கும். நடத்தியவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆவடி குவார்ட்டர்ஸிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். வந்தவர்களும் பெரும்பாலும் குவார்ட்டர்ஸ் பெண்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் சுருட்டிய பாய். நான் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன். யாராவது நீ எங்கே இங்கே என்று கேட்டால் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பதில் வீணாயிற்றே என்று இருந்தது.

"சத்தத்தோடு சண்டை போடாதீர்கள்" என்றார் ஆசிரியர். "ரயில் போகட்டும், நாய் குரைக்கட்டும். நீங்கள் மூச்சை வெளியே விடுகிற நேரத்தை மட்டும் நீட்டுங்கள். வாய் திறந்து ஓ என்று தொடங்கி, உதட்டை மூடி ம்ம் என்று முடியுங்கள். கையை நெஞ்சில் வையுங்கள்."

வைத்தேன். முதல் ஐந்தாறு தடவை ஒன்றும் இல்லை. இந்த வயதில் இதென்ன கூத்து என்றிருந்தது. பிறகு அந்த ம்ம் நெஞ்செலும்பில் அதிர்வது உள்ளங்கைக்குத் தெரிந்தது. மூச்சு ஒரே நீளமாக, எங்கும் மாட்டாமல், கடைசி வரை போய் முடிந்தது. அக்காவுக்கு அடிபட்ட பிறகு ஒரு முழு மூச்சு நான் விட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை.

கடைசியில் மனசுக்குள் நூற்றெட்டு முறை சொல்லிவிட்டு எழுந்துகொள்ளலாம் என்றார். கண்ணை மூடினேன். நான் கண்ணைத் திறந்தபோது ஹால் காலி. வாட்ச்மேன் சாவியோடு நின்றிருந்தார். ஆசிரியர் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தார். தியானத்தில் இருப்பவரைத் தொட்டு எழுப்பக்கூடாது என்பது அவருடைய விதி. "எங்கே போய்விட்டீர்கள் அம்மா?" என்றார். நான் எங்கும் போகவில்லை, முன்னூறை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நூற்றெட்டில் நிறுத்தச் சொன்னது என் காதில் விழுந்திருந்தும், பழகிய மனசு மூன்று நூறு முடியாமல் விடவில்லை. நூறுக்கு ஒன்றாக என் நகம் பாயில் மூன்று கோடு கிழித்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கள் கம்பெனியில் சேர்ந்திருந்தால் எனக்கு இந்நேரம் மோட்சமே கிடைத்திருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் ஷெட்டில் டங் விழும்போதெல்லாம் நான் ம்ம் என்று நீட்டினேன். எண்ணிக்கை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு மூன்று வாரம் ஆனது. மாதக் கடைசியில் என் காயில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சூப்பர்வைசர் என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினேன்.

அக்கா திரும்பி வந்தாள். பிரஸ்ஸில் உட்கார முடியாது என்று பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். தான் விரலை விட்ட இடத்தைத் தினமும் தானே பெருக்கினாள். ஒரு நாள் வீட்டுக்கு நடந்து போகும்போது சொன்னாள்.

"இல்லாத வெரலு நோவுது மே. யாராண்ட போயி இத்த சொல்றது?"

நான் படித்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரோட்டோரம் நடந்தபடியே இருவரும் ம்ம் என்று இழுத்துக்கொண்டு போவோம். டீக்கடைப் பையன்கள், "இன்னா மாமே, ரெண்டு மோட்டாரு ஒண்ணா போவுது!" என்று கத்துவார்கள். "கரெண்டு பில்லு உங்கப்பன் கட்றானா?" என்று அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து இழுப்பாள். சில வாரம் கழித்து, "நோவு போவல. ஆனா இப்போ நோவு தனியா கீது, நான் தனியா கீறேன்" என்றாள். பலன் என்று யாராவது கேட்டால் இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இது எப்படியோ முதலாளி காதுக்குப் போனது. அவருக்கு யோசனை பிறந்தது. ஆசிரியரையே கம்பெனிக்கு வரவழைத்துவிட்டார். ஷிப்டுக்கு அரை மணி முன்னால் எல்லோரும் வரவேண்டும், தரையில் உட்கார்ந்து நூற்றெட்டு ஓம் சொல்ல வேண்டும். முதல் நாள் அவரே பேசினார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் கிடையாது. மனசுதான் அலையுது. மனசு அலைஞ்சா கை உள்ள போகும். தியானம் பண்ணுங்க, கவனம் நிக்கும், விபத்தே நடக்காது."

அக்கா துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை கொதித்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் அன்றுதான் பார்த்தேன். பிரஸ்ஸில் அப்போது உட்கார்ந்திருந்தவள் புதிதாகக் கல்யாணமான பெண். கை நிறைய வளையல். ஒவ்வொரு தடவை தகட்டை உள்ளே தள்ளும்போதும் அந்த வளையல் எங்கே போகிறது என்று பார்க்கப் பயந்து நான் கண்ணை மூடிக்கொள்வேன். கார்டு கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை மாட்டச் சொல்லி முன்பே இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் கேட்டிருந்தேன். "சொல்லியிருக்கேம்மா" என்பார்.

பெரிய ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் சூப்பர்வைசர் என்னை ஓரமாக அழைத்தார்.

"நாளைக்குத் தியானம் முடிஞ்சதும் நீ எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லணும். எப்படி இருந்தே, இப்ப எப்படி இருக்கே, அதான். அந்த விபத்தும் கவனக்குறைவாலதான் நடந்ததுன்னு ஒரு வரி சேர்த்துக்கோ. முதலாளி கேட்டுக்கிட்டார்."

"சேக்கலன்னா சார்?"

அவர் தரையைப் பார்த்தார். "காயில் சுத்த கேட்டுக்கு வெளியில நிறையப் பேர் நிக்கறாங்கம்மா."

சாயங்காலம் தெருக்குழாயடியில் அக்காவிடம் சொன்னேன். அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லிட்டுப் போ மே. உன் ஊட்ல அடுப்பு எரியணும். நீ சொல்லாங்காட்டி என் வெரலு மொளைக்கப் போவுதா?"

"அந்தப் பொண்ணு வெரலு போச்சுன்னா இன்னாக்கா பண்றது?" என்று கத்தினேன். குழாயடியே திரும்பிப் பார்த்தது. அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். இரவு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எவ்வளவு கவனமானவள் என்று எனக்குத் தெரியும். அவள் கவனம் சிதறி விரலை விட்டாள் என்று என் வாயால் சொல்வதா? சொல்லாமல் வந்து பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். எந்த முடிவுக்கும் வராமல்தான் காலையில் கிளம்பினேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். நாற்காலி போட்டிருந்தது. ஆசிரியர் முன்னால் உட்கார்ந்தார், நாங்கள் எதிரே. தொடங்கினோம். நூற்றெட்டு முடிந்ததும் அவர் சின்ன வெண்கல மணியை அடித்தார். நான் எழுந்து பேச வேண்டிய நேரம் அது. நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று பிறகு ஆபீஸில் சொன்னார்களாம். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். எழுந்தால் அந்த வரியைச் சொல்லியாக வேண்டும், அதனால் எழுந்துகொள்ளப் பயந்தேன், அதுதான் நடந்தது. கண்ணைத் திறக்காமல் நூற்றொன்பதைத் தொடங்கினேன்.

மணி இன்னொரு தடவை அடித்தது. என் குரல் தனியாக ஷெட்டுக்குள் சுற்றியது. நூற்றுப் பதிமூன்றோ பதினாலோ, இடப் பக்கத்திலிருந்து தாலாட்டு மெட்டுக்காரி சேர்ந்துகொண்டாள். பிறகு அம்மன் பாட்டுக்காரி. காயில்காரிகளுக்குத் தெரியாதா? முன்னூறு ஆகாமல் கம்பியை வெட்டக்கூடாது. ஒன்பது பேரும் வந்தாயிற்று. பின்னாலிருந்து, துடைப்பம் வைக்கிற மூலையிலிருந்து, இன்னொரு குரல் வந்தது. கரகரத்த குரல், தெருவெல்லாம் என்னோடு நடந்த குரல். அதைக் கேட்டதும் என் பயம் போய்விட்டது.

ஷிப்ட் சைரன் ஊதியது. ஒருத்தியும் அசையவில்லை. பிரஸ்காரப் பெண்ணும் உட்கார்ந்தே இருந்தாள். முதலாளி வேகமாக வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. "இவங்களை எழுப்புங்க" என்று யாரிடமோ சீறினார்.

"தியானத்தில் இருப்பவர்களைத் தொட்டு எழுப்பக்கூடாது சார்" என்றார் ஆசிரியர். "நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்." அவர் எங்களுக்காகச் சொன்னாரா, விதிக்காகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்தச் சங்கை ஊதச் சொல்லி எங்களை உட்கார வைத்தது முதலாளிதானே?

இருநூறைத் தாண்டியதும் நான் கண்ணைத் திறந்தேன். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே, உட்கார்ந்தபடியே பேசினேன்.

"சார், தியானம் எனக்கு நல்லதுதான் பண்ணுச்சு. மூச்சு வருது, தூக்கம் வருது, கை நடுங்கல. ஆனா அக்கா கவனமாத்தான் இருந்தாங்க. பிரஸ்ல கார்டு இல்ல. ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால கீது. நாலு போல்ட்டு. இந்தப் பொண்ணு அதுல உக்கார்ரதுக்கு முன்னால அத்த மாட்டுங்க."

மூச்சு எங்கும் மாட்டவில்லை. நான் இதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். வந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து பிரஸ்ஸின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

இதற்காக மூன்று மாதம் கழித்து, ஆள் குறைப்பு என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு கணவரின் சித்தப்பா மூலமாகக் காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் மறுபடி காயில் சுற்றினேன். அன்றைக்கு நான் பேசிய ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றியதில்லை.

அன்று ஷெட்டில் முதலாளி முகம் சிவந்து நின்றார். வந்தவர்கள் முன்னால் கத்த முடியவில்லை. "சரி சரி, மாட்டிடலாம்" என்றார். "இப்ப எழுந்து மெஷினுக்குப் போங்க. சாயந்திரம் மாட்டச் சொல்றேன்."

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு எழுந்துவிடத்தான் தோன்றியது. முதலாளி சரி என்றுவிட்டார், இதற்கு மேல் என்ன என்று கையை ஊன்றிவிட்டேன். பின்னாலிருந்து அக்கா பேசினாள். அடிபட்ட நாளிலிருந்து அந்த ஷெட்டுக்குள் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"மாட்டிட்டு சொல்லுங்க சார்" என்றாள். "ஒண்ணும் அவசரம் இல்ல. நாங்க இங்கியேதான் கீறோம்."

மூன்று விரல் இருந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் மூச்சை இழுத்தாள். ஊன்றிய கையை நான் எடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் யாரையும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தார்.